சின்ன மிக்சரில் எந்தக் குமிழ் எதற்கு? மாஸ்டரை ஒரு நூல் ஏற்றினாலே அலறுகிறது

அரிட்டாபட்டிக்காரன் | திங்கள் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்கு, மைக்குகளையும் பாட்டையும் சேர்த்து ஆம்ப்ளிபயருக்கு அனுப்பும் சின்ன மிக்சர் ஒன்று வந்திருக்கிறது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்கார அண்ணன் ஒருவர் வாங்கி அனுப்பியது. பெட்டியில் 10 சேனல் என்று போட்டிருக்கிறது, எண்ணிப் பார்த்தால் மைக் செருக நான்கு ஓட்டைதான் இருக்கிறது. அது கிடக்கட்டும். இன்னும் ஒன்பது நாளில் ஊர்ப் பொங்கல், முதல் நாள் இரவு பட்டிமன்றம், இந்தத் தடவை வாடகை மைக் செட் வேண்டாம், நம்மிடமே எல்லாம் இருக்கிறது என்று கூட்டத்தில் பேசி என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு ஃபேன் ரெகுலேட்டர் மாட்டத் தெரியும், அவ்வளவுதான்.

நேற்று மந்தையில் வைத்துச் சோதித்தோம். மன்றத்துப் பழைய ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய், இரண்டு பெட்டி ஸ்பீக்கர். பிரச்சினைகள் இவை.

மிக்சரில் மாஸ்டரை ஒரு நூல் ஏற்றினாலே அலறுகிறது. அலறுவது மட்டுமில்லை, குரல் தகரத்தைக் கிழித்த மாதிரி வருகிறது. அதனால் எல்லா ஃபேடரும் (மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள்) அடியில் ஒட்டிக் கிடக்கின்றன, அப்போதும் பின்னால் உஸ்ஸென்று இரைச்சல்.

போனில் சாமி பாட்டுப் போட்டால் தவில், நாதஸ்வரம், கீபோர்டு எல்லாம் வருகிறது, பாடுகிறவர் குரலை மட்டும் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முணுமுணுப்பது போல ஒரு நிழல்தான் கேட்கிறது. போனில் நேராகக் கேட்டால் சரியாக இருக்கிறது. பூசாரி இதைக் கேட்டுவிட்டு ஒரு மாதிரிப் பார்த்தார்.

நடுவர் மேசைக்கு என்று ஒரு வளைகழுத்து மைக் இரவல் வாங்கினோம். அதில் சத்தமே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு சேனலிலும் மேலிருந்து கீழாகக் கெயின், ஹை, மிட், லோ, ஆக்ஸ், எஃப்.எக்ஸ்., பேன் என்று வரிசையாகக் குமிழ்கள், அதற்குக் கீழே ஃபேடர். கெயினும் வால்யூம், ஃபேடரும் வால்யூம், மாஸ்டரும் வால்யூம் என்றால் எதற்கு மூன்று? யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள் அண்ணே.

மைக்செட் பழசு | திங்கள் இரவு 10.15

தம்பி, நான் உசிலம்பட்டிப் பக்கம் முப்பது வருசமாக ரேடியோ செட் போடுகிறவன். சுருக்கமாகச் சொல்கிறேன். கெயினைக் கால்வாசிக்கு மேல் தொடாதே, ஊளையிடுவதே கெயினால்தான். சத்தம் வேண்டுமென்றால் ஃபேடரிலும் மாஸ்டரிலும் ஏற்று. ஹை, மிட், லோ மூன்றும் நடுவில். எக்கோ கொஞ்சம் வை, கூட்டம் அதைத்தான் விரும்பும். அவ்வளவே.

யானைமலை நிழல் | திங்கள் இரவு 11.02

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, கெயின் விஷயத்தில் நான் வேறு மாதிரிச் சொல்வேன். (ஒத்தக்கடையில் வீட்டு மாடியில் சின்னதாக ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன், இந்தக் குமிழ்களோடுதான் பொழுது போகிறது.)

அரிட்டாபட்டி, மூன்றும் வால்யூம் இல்லை. கிணற்றுப் பாசனத்தை வைத்துப் பார். மைக் என்பது ஆழக் கிணறு, தண்ணீர் அடியில் கிடக்கிறது. எவ்வளவு ஆழம் என்றால், மேடைகளில் நாம் அதிகம் பார்க்கும் ஷூர் எஸ்.எம். 58 மைக் 94 டெசிபல் சத்தத்துக்கு, அதாவது வாய் பக்கத்தில் வைத்துக் கணீரென்று பேசும்போது, தருவது 1.85 மில்லிவோல்ட். மிக்சருக்குள் ஓட வேண்டிய அளவு ஏறக்குறைய ஒரு வோல்ட், கணக்காகச் சொன்னால் 1.23. அறுநூறு மடங்குக்கு மேல் தூக்கினால்தான் வரப்புக்கே வரும். அந்தத் தூக்குகிற மோட்டார்தான் கெயின். ஃபேடர் வாய்க்கால் அடைப்பு, இந்த வயலுக்கு எவ்வளவு, அந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்த்து விடுவதற்கு. மாஸ்டர் என்பது எல்லா வாய்க்காலும் சேர்ந்த பிறகு ஊர் எல்லையில் இருக்கும் மதகு.

மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு அடைப்பை முழுக்கத் திறந்தால் என்ன வரும்? சேறும் சகதியும். அந்த உஸ்ஸுதான் சேறு. ஒவ்வொரு கட்டத்திலும் மிக்சர் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கும். குரலைத் தொடக்கத்திலேயே நன்றாகத் தூக்கிவிட்டால் அந்த இரைச்சல் அதன் காலடியில் கிடக்கும். குரலைத் தாழ்வாக விட்டுவிட்டு மாஸ்டரில் போய் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஏறும். அதிகமாகத் தூக்கினால் வேறு வம்பு, தண்ணீர் தொட்டிக்கு மேலே வழியும், அதுதான் சிவப்பு விளக்கு. பெரும்பாலான மிக்சர்களில் வழிவதற்குச் சில டெசிபல் முன்பே சிவப்பு எரிந்து எச்சரிக்கும். அதனால் எப்போதாவது கண் சிமிட்டினால் பயப்படாதே, எரிந்துகொண்டே இருந்தால் குறை.

ஊளை பற்றி ஒன்று. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய் மறுபடி பெருகிச் சுற்றுவதுதான் ஊளை. அந்தச் சுற்றில் மொத்தப் பெருக்கம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. கெயினில் 10 டெசிபல் குறைத்து ஃபேடரில் 10 டெசிபல் ஏற்றினால் ஊளைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பழி மட்டும் கெயின் மேல் விழுகிறது.

நெல்லுப்பேட்டை நக்கல் | திங்கள் இரவு 11.20

அண்ணே, எங்கள் பக்கம் கிணறே வற்றிவிட்டது, போர்வெல் உதாரணம் இருந்தால் சொல்லுங்கள்.

யானைமலை நிழல் | திங்கள் இரவு 11.24

கன்டென்சர் மைக். மின்சாரம் கொடுக்காமல் ஒரு சொட்டும் வராது. அரிட்டாபட்டியின் மூன்றாவது பிரச்சினை அதுவாகத்தான் இருக்கும், நாளை எழுதுகிறேன்.

டவுன்ஹால்ரோடு | செவ்வாய் காலை 8.05

மாஸ்டரை ஒரு நூல் ஏற்றினால் அலறுகிறது, எல்லா ஃபேடரும் அடியில் ஒட்டிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாயே தம்பி, எனக்கு அங்கேதான் சந்தேகம். கெயினைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம். மூன்று கேள்விக்குப் பதில் சொல்.

மிக்சரிலிருந்து வெளியே வரும் வயர் ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் எந்த ஓட்டையில் இருக்கிறது? பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல். போனுக்குப் போட்ட வயர் எப்படி, இரண்டு முனையும் என்ன பின்? மைக் வயரின் மிக்சர்ப் பக்கம் மூன்று கால் கேனனா, கால் இஞ்ச் பி-38 பின்னா?

அரிட்டாபட்டிக்காரன் | செவ்வாய் காலை 9.30

அண்ணே, பார்த்துவிட்டேன். ஆம்ப்ளிபயரில் 'மைக் 2' என்று எழுதிய ஓட்டையில் இருக்கிறது. எப்போதும் மைக்கை அதில்தான் செருகுவோம், அதனால் மிக்சரையும் அதிலேயே செருகினோம்.

போன் வயர் ஒரு பக்கம் ஈபி ஸ்டீரியோ (போனில் ஹெட்போன் செருகும் சின்னப் பின்), இன்னொரு பக்கம் கேனன். ஆன்லைனில் வாங்கினோம். 4-ஆம் சேனல் மைக் ஓட்டையில் செருகியிருக்கிறோம்.

மைக் வயர் இரண்டு புதுசு, கேனன். ஒன்று பழசு, பி-38.

டவுன்ஹால்ரோடு | செவ்வாய் காலை 10.10

நினைத்தேன். மிக்சருக்குள் நாப் எதையும் திருகாதே, பாதி வியாதி மிக்சருக்கு வெளியே இருக்கிறது.

ஆம்ப்ளிபயரின் மைக் ஓட்டை ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வந்தாலே முழுச் சத்தம் கொடுக்கும்படி செய்தது. மைக்கை நேராகக் குத்துவதற்காக உள்ளேயே ஒரு பெருக்கி உண்டு. நீ மிக்சரில் ஏற்கனவே தூக்கிவிட்ட ஒரு வோல்ட்டைக் கொண்டுபோய் அதே ஓட்டையில் ஊற்றினால் அது மறுபடியும் தூக்கப் பார்க்கும், தகரம் கிழியத்தான் செய்யும். மாஸ்டரை அடியில் வைத்தால்தான் தாங்கும், அடியில் வைத்தால் மிக்சரின் இரைச்சல் குரலுக்குச் சமமாக வந்து நிற்கும். உன் முதல் பிரச்சினை மொத்தமும் இதுதான். பக்கத்தில் 'ஆக்ஸ்' அல்லது 'லைன்' என்று ஒரு ஓட்டை இருக்கும், அதற்குச் சில நூறு மில்லிவோல்ட் வேண்டும், மிக்சர் வயரை அங்கே மாற்று. மாற்றும்போது ஆம்ப்ளிபயர் அணைந்திருக்கட்டும். அந்த ஓட்டைக்கான குமிழைச் சுழியத்திலிருந்து மெதுவாக ஏற்று.

கடைக்கு மாதம் இரண்டு பேராவது இதே புகாரோடு மிக்சரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் மிக்சரையே மாற்றித் தரச் சொன்னார்.

மைக்செட் பழசு | செவ்வாய் காலை 10.45

இது சரி. நான் வயரைக் கேட்காமல் வைத்தியம் சொல்லிவிட்டேன். ஆனால் கெயினைக் குறைத்து வை என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது நிழலு. பட்டிமன்றத்தில் ஆரம்பத்தில் எல்லோரும் சாதுவாகத்தான் பேசுவார்கள். அரை மணி நேரம் கழித்து ஒருவர் எழுந்து "நடுவர் அவர்களே" என்று ஒரு போடு போடுவார் பாருங்கள், அப்போது உன் சிவப்பு விளக்கு எரிந்தே நிற்கும். அதற்கு இடம் விட வேண்டாமா?

யானைமலை நிழல் | செவ்வாய் பகல் 1.15

நூற்றுக்கு நூறு சரி அண்ணே. கால்வாசி என்று குமிழின் கோணத்தை வைத்து அளப்பதில்தான் எனக்கு வழக்கு. மைக் மாறினால் கோணம் மாறும், பேசுகிறவர் மாறினால் மாறும். மீட்டரைப் பார்த்து வைப்பதுதான் வழி. அரிட்டாபட்டி, ஒரு சேனலின் அளவை மட்டும் தனியாக மீட்டரில் காட்டும் பி.எஃப்.எல். பொத்தான் உன் மிக்சரில் இல்லை என்று நினைக்கிறேன், சின்னதுகளில் பல நேரம் இருக்காது. இப்படிச் செய்.

ஆம்ப்ளிபயரை அணைத்துவிடு. மிக்சரில் எல்லாச் சேனலின் கெயினும் அடியில், ஃபேடரும் அடியில். மாஸ்டரை 0 என்று குறித்த கோட்டில் வை. ஃபேடர் பாதையில் மேலிருந்து கொஞ்சம் கீழே ஒரு 0 இருக்கும், கவனி, அது சுழியச் சத்தம் இல்லை, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்று பொருள். இதைச் சத்தமே வராத இடம் என்று நினைத்துக்கொண்டு மேலே தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது 1-ஆம் சேனல் ஃபேடரை அந்த 0-க்குக் கொண்டு வா. உங்கள் ஊரில் குரல் பெரிய ஆள் ஒருவரைப் பிடித்து, மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி மேடையில் பேசுவது போலவே பேசச் சொல். "ஹலோ மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ" வேண்டாம், அதை எல்லோரும் அரைக் குரலில்தான் சொல்வார்கள். ஏலம் விடச் சொல். அவர் பேசப் பேசக் கெயினை ஏற்று, மீட்டரில் பச்சை 0-ஐச் சுற்றி ஆட வேண்டும், உரக்கக் கத்தும்போது மஞ்சளுக்குப் போகலாம். அங்கே நிறுத்து. பழசு அண்ணன் சொல்லும் அந்த "நடுவர் அவர்களே"வுக்கு இடம் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம், ஒரு 6 டெசிபல் இறக்கிக்கொள். ஃபேடரை இறக்கிவிட்டு அடுத்த சேனல்.

எல்லாம் முடிந்த பிறகு ஆம்ப்ளிபயரைப் போட்டு அதன் குமிழில் ஊருக்குத் தேவையான சத்தத்தை வை. அதன் பிறகு விழா முடியும்வரை உன் விரல் ஃபேடரில் மட்டும்தான் இருக்க வேண்டும். போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிபயர் முதலில். மாற்றிச் செய்தால் டம்மென்று ஒரு அடி, குழாயின் பின்னால் இருந்து ஒலி எழுப்பும் யூனிட்டுக்கு ஆகாது.

டவுன்ஹால்ரோடு | செவ்வாய் மாலை 6.30

பூசாரி முறைத்த பாட்டுக்கு வருகிறேன்.

கேனனின் மூன்று காலில் 1 தரை, 2-இலும் 3-இலும் ஒரே ஒலி, ஆனால் ஒன்றுக்கொன்று தலைகீழாக வரும். மிக்சர் 2-இலிருந்து 3-ஐக் கழிக்கும். வழியில் வயரில் ஒட்டிக்கொண்ட கரண்டு இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிக்கும்போது போய்விடும், ஒலி தலைகீழாக இருப்பதால் தங்கிவிடும். ஐம்பது மீட்டர் மைக் வயர் இழுத்தாலும் சுத்தமாக வருவது இதனால்தான்.

நீ வாங்கிய வயரில் போனின் இடது பக்கம் 2-க்கும் வலது பக்கம் 3-க்கும் போகிறது. மிக்சருக்கு அது போன் என்று தெரியாது, வழக்கம்போல் இடதிலிருந்து வலதைக் கழிக்கிறது. பாடுகிறவர் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக, நட்டநடுவில் வைத்துத்தான் பதிவு செய்வார்கள். சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால்? சாமி குற்றம் ஒன்றும் இல்லை என்று பூசாரியிடம் சொல்லிவிடு. கிணற்றுக்குள் முணுமுணுப்பது குரலுக்குப் போட்ட எதிரொலி, அது இரண்டு பக்கமும் சமமாக இல்லாததால் மிஞ்சுகிறது.

தீர்வு: 5/6 என்றோ 7/8 என்றோ இரட்டை எண் போட்ட சேனல் இருக்கும், நீ தேடிக்கொண்டிருந்த மீதிச் சேனல்கள் அவைதான். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணித்தான் பத்துக் கணக்கு வருகிறது. ஒரு பக்கம் ஈபி ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு தனித்தனி மோனோ பி-38 பின் உள்ள வயர் வாங்கு.

பழைய பி-38 மைக் வயரையும் தூக்கிப் போடு. மைக் ஓட்டையின் நடுவில் பி-38 நுழைகிறதே என்று குத்தினால் அது லைன் வழி, பல மிக்சர்களில் அங்கே வருவதைக் குறைத்துத்தான் உள்ளே விடும். மைக் ஈனசுரத்தில் கேட்கும்.

யானைமலை நிழல் | செவ்வாய் இரவு 9.50

வளைகழுத்து மைக் கன்டென்சர் வகையாக இருந்தால் +48 என்ற பொத்தானைப் போட்டால்தான் உயிர் வரும். கேனன் வயர் வழியாகவே 48 வோல்ட் மேலே போகும். சின்ன மிக்சரில் இந்தப் பொத்தான் எல்லா மைக் ஓட்டைக்கும் சேர்த்து ஒன்றுதான். அதனால்தான் கேட்கிறேன், அந்த ஈபி-கேனன் வயரை மறுபடியும் மைக் ஓட்டையில் வைத்துவிடாதே, 48 வோல்ட்டு போனுக்குள் போகும். நடுவில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் மின்னோட்டம் கொஞ்சம்தான், ஆனாலும் அந்தச் சோதனைக்கு என் போனை நான் தரமாட்டேன்.

பொத்தானைப் போடும்போதும் எடுக்கும்போதும் ஃபேடர் அடியில் இருக்கட்டும்.

மைக்செட் பழசு | செவ்வாய் இரவு 10.05

48-ஐப் போட்டால் மற்ற மைக் எரிந்துபோகும் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. நான் பயந்து தொடுவதே இல்லை.

யானைமலை நிழல் | செவ்வாய் இரவு 10.20

சாதாரண டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது அண்ணே, வயர் ஒழுங்காக இருந்தால். 2-ஆம் காலிலும் 3-ஆம் காலிலும் ஒரே 48 நிற்பதால் சுருளுக்குள் ஓட வழியில்லை. வயரில் கால்கள் ஒட்டிக் கிடந்தால் வம்பு வரலாம். ரிப்பன் மைக் என்று ஒரு வகை இருக்கிறது, அதைத்தான் காக்க வேண்டும், நம் மேடைகளில் யாரும் கொண்டு வரப் போவதில்லை.

வைகை வெயில் | புதன் காலை 7.15

இந்த இழையைப் படித்துத்தான் எங்கள் பள்ளிக்கூடத்து ஆம்ப்ளிபயரின் பின்பக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தேன், நன்றி. ஒரு சந்தேகம். நாங்கள் எக்கோவே போடுவதில்லை, ஆனால் காலை வழிபாட்டில் பிள்ளைகள் கடைசி வரிசையில் நின்றால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கிறது. மிக்சரில் எந்தக் குமிழ்?

டவுன்ஹால்ரோடு | புதன் காலை 8.40

டீச்சர், மைதானத்தின் கடைசியில் இன்னொரு குழாய் கட்டியிருக்கிறீர்களா?

வைகை வெயில் | புதன் காலை 8.55

ஆமாம் சார், வேப்பமரத்தில். மேடையிலிருந்து ஒரு நூறு மீட்டர் இருக்கும்.

டவுன்ஹால்ரோடு | புதன் காலை 9.10

வயரில் மின்சாரம் கண்மூடித் திறப்பதற்குள் மரத்துக்குப் போய்விடும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் நடக்கும். கடைசி வரிசைக்கு மரத்துக் குழாய் முதலில், மேடைக் குழாய் 0.3 நொடி கழித்து. எந்தக் குமிழும் இதற்கு இல்லை. மரத்துக் குழாயைப் பிள்ளைகளை விட்டு வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், அல்லது வழிபாட்டு நேரத்தில் கழற்றி வையுங்கள்.

கூத்துக்கொட்டகை | புதன் இரவு 12.40

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன், இப்போதுதான் மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் இடைவேளை. ஆக்ஸையும் எஃப்.எக்ஸையும் யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன், எங்கள் வயிற்றெரிச்சல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

மிக்சரின் ஆக்ஸ் (ஆம்ப்ளிபயரில் ஆக்ஸ் என்று எழுதிய ஓட்டை வேறு) என்பது அந்தச் சேனலிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால். மேடையில் எங்கள் காலடியில் ஒரு பெட்டி வைத்து, ராஜபார்ட் பாடுவதும் என் சுருதியும் எங்களுக்குக் கேட்க இதைத்தான் திறக்க வேண்டும். ஆனால் அந்தக் கிளை ஃபேடருக்கு முன்னால் பிரிகிறதா பின்னால் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிலதில் ப்ரீ, போஸ்ட் என்று சின்னப் பொத்தான் இருக்கும். போன மாதம் ஒரு ஊரில் செட்டுக்காரத் தம்பி பின்னால் பிரிவதில் வைத்துவிட்டார். கூட்டத்தில் யாரோ ஆர்மோனியம் அதிகம் என்று சொல்ல, ஃபேடரை இறக்கினார். எனக்கும் சேர்ந்து செத்தது. சுருதி கேட்காமல் ஒன்றரை மணி நேரம் குத்துமதிப்பாக வாசித்தேன், பபூன் அதையே நகைச்சுவையாக்கிக் கைதட்டு வாங்கிவிட்டார். மேடைப் பெட்டிக்குப் போவது முன்னால் பிரிய வேண்டும்.

எஃப்.எக்ஸ். என்பது எக்கோவுக்குப் போகும் கிளை, அது பின்னால் பிரிய வேண்டும். இல்லையென்றால் ஃபேடரை மூடிய பிறகும் ஆளில்லாமல் எதிரொலி மட்டும் பேசிக்கொண்டிருக்கும். அப்புறம், பேச்சுக்கு எக்கோ வைக்காதே தம்பி. பாட்டுக்குக் கொஞ்சம் வை. பட்டிமன்றத்தில் வேகமாகப் பேசுகிறவர்கள் சொல்வது ஒரு வார்த்தை விளங்காது.

மைக்செட் பழசு | வியாழன் காலை 6.30

எக்கோ இல்லையென்றால் "செட்டு சரியில்லை" என்று காசில் கழிக்கிறார்களே, அதற்கு என்ன செய்ய?

கூத்துக்கொட்டகை | வியாழன் காலை 11.00

அதற்குக் குமிழ் இல்லை அண்ணே.

யானைமலை நிழல் | வியாழன் இரவு 8.30

மிச்சத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பேன் என்பது இடது வலது, நடுவிலேயே விட்டுவிடு. ஊர் விழாவில் இடது பக்கக் குழாய் ஒரு தெருவிலும் வலது பக்கக் குழாய் அடுத்த தெருவிலும் இருக்கும்போது பேன் ஆடினால் ஒரு தெருவுக்குப் பேச்சே போகாது.

ஹை, மிட், லோ. நடுவில் குறி இருக்கும், அங்கே ஒன்றும் செய்யாது. லோ என்பது 80 அல்லது 100 ஹெர்ட்ஸைச் சுற்றி, ஹை என்பது 10 அல்லது 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, மிட் பெரும்பாலும் 2.5 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி, எல்லாமே 15 டெசிபல் வரை ஏறும் இறங்கும். 15 டெசிபல் என்பது மின்னழுத்தத்தில் ஐந்து மடங்குக்கு மேல், அதனால் இந்தக் குமிழ்களை முழுக்கத் திருகுவது சாம்பாரில் உப்பு டப்பாவைக் கவிழ்ப்பது போல. பேச்சு விளங்காவிட்டால் முதலில் லோவைக் குறைத்துப் பார், ஹையை ஏற்றுவது அதற்குப் பிறகு. 80 ஹெர்ட்ஸ் லோ கட் பொத்தான் இருந்தால் எல்லா மைக்குக்கும் போட்டுவிடு, மேடைப் பலகையில் நடக்கும் தடதடப்பும் காற்று மோதும் புஸ்புஸ்ஸும் போய்விடும். குழாய் ஸ்பீக்கருக்கு லோவை ஏற்றவே ஏற்றாதே. அந்தக் குழாயால் கனத்த ஒலியைத் தர முடியாது, யூனிட்டில் இருக்கும் மெல்லிய தகடு மட்டும் வீணாக ஆடி ஆடிக் கிழியும்.

ஊளைக்கு மருந்து: குழாயும் பெட்டியும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும், மைக்கின் வால் ஸ்பீக்கரைப் பார்க்கட்டும். பேசாதவர் ஃபேடர் இறங்கியே இருக்க வேண்டும், திறந்திருக்கும் மைக் இரண்டானால் ஊளைக்கு 3 டெசிபல் நெருங்குவாய், நான்கானால் 6. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்க விடாதே, பின்பக்கத்துச் சத்தத்தைத் தள்ளிவிடும் துவாரங்கள் அங்கேதான் இருக்கின்றன, பொத்தினால் எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காகிவிடும்.

நெல்லுப்பேட்டை நக்கல் | வியாழன் இரவு 8.50

வாடிப்பட்டி மேளம் வந்தால் எந்தச் சேனல்?

மைக்செட் பழசு | வியாழன் இரவு 9.00

அதற்கு மைக்கே வேண்டாமப்பா. மற்ற மைக்கையெல்லாம் மூடி வைத்தால் போதும்.

அரிட்டாபட்டிக்காரன் | அடுத்த வாரம், வியாழன் காலை 11.20

எல்லோருக்கும் நன்றி, நேற்று இரவு நல்லபடியாக முடிந்தது. நடந்ததைச் சொல்ல வேண்டும் இல்லையா.

வயரை ஆக்ஸ் ஓட்டைக்கு மாற்றியதும் முதலில் சத்தமே வரவில்லை, பயந்துவிட்டேன். ஆம்ப்ளிபயரில் ஆக்ஸ் குமிழ் சுழியத்தில் இருந்தது. ஏற்றியதும் மாஸ்டர் 0-இல் நின்றே குரல் கண்ணாடி மாதிரி வந்தது, உஸ்ஸைக் காணோம். கெயின் வைப்பதற்கு எங்கள் ஊரில் மீன்பிடி குத்தகை ஏலம் விடுகிறவரைத்தான் பிடித்தேன். அவர் கூப்பிட்ட கூப்பில் ஆம்ப்ளிபயர் போடாமலே தெரு திரும்பிப் பார்த்தது. புதுக் கேனன் மைக்குக்குக் கெயின் பாதியைத் தாண்டி வந்தது, பழசு அண்ணன் சொன்ன கால்வாசியில் வைத்துப் பார்த்தேன், மீட்டர் அசையவே இல்லை.

வளைகழுத்து மைக்குக்கு +48 போட்டதும் உயிர் வந்தது. நடுவர் மெதுவாகப் பேசுகிறவர், ஆனால் மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டார். ஃபேடரை ஏற்ற ஏற்ற ஊளை கிட்டத்தில் வந்து நின்றது. கடைசியில் தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் மேடையேறி மைக்கை அவர் தாடைக்கு நேராக வளைத்துவிட்டு வந்தேன், ஃபேடரைப் பாதிக்கு இறக்க வேண்டி வந்தது.

மூன்றாவதாகப் பேசியவர்தான் பழசு அண்ணன் சொன்ன ஆள். "நடுவர் அவர்களே" இல்லை, "தாய்மார்களே" என்றார். சிவப்பு இரண்டு தடவை சிமிட்டியது, அவ்வளவுதான், கிழியவில்லை. 6 டெசிபல் இறக்கி வைத்தது அங்கே காப்பாற்றியது. ஒரே ஒரு ஊளை, அதுவும் ஒருவர் மைக்கைத் தாங்கியிலிருந்து உருவி தலையைப் பொத்திப் பிடித்தபோது. கையைக் கீழே இறக்குங்கள் என்று கீழிருந்து சைகை காட்டினேன், அவர் உட்காரச் சொல்கிறேன் என்று நினைத்து முடித்துவிட்டார். எதிரணிக்கு ஏக மகிழ்ச்சி.

பத்து மணிக்கு நிறுத்திவிட்டோம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறதே, பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு ஒன்பதே முக்காலுக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

காலையில் 5/6-இல் சாமி பாட்டுப் போட்டேன், குரல் முழுசாக வந்தது. பூசாரி தன் பூசைதான் வேலை செய்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் மறுக்கவில்லை.

கூத்துக்கொட்டகை | வியாழன் பகல் 2.10

சபாஷ் தம்பி. அந்த ஈபி-கேனன் வயரைத் தூக்கிப் போட்டுவிடாதே. பிள்ளைகள் பாட்டுப் போட்டி வைத்தால் பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் வேண்டுமே, அதற்குக் காசில்லாத கரோக்கி அது. +48 மட்டும் அணைந்திருக்கட்டும்.

அரிட்டாபட்டிக்காரன் | வியாழன் பகல் 2.25

முந்தாநாளே வெட்டிவிட்டேன் அண்ணே. யாராவது மறுபடி செருகிவிடுவார்கள் என்ற பயத்தில்.

டவுன்ஹால்ரோடு | வியாழன் பகல் 2.40

கேனன் பின் நன்றாக இருந்தால் எடுத்துக்கொண்டு வா. அந்தப் பழைய பி-38 மைக் வயரில் மாட்டித் தருகிறேன், அடுத்த வருசத்துக்கு ஆகும்.